பன்னிரண்டு மணிப் பிணம்

உலக வரலாற்றின் போக்கையே திசை திருப்பப் போகும் ஓர் அறிவிப்பு, தூர்த்தியாக் கிராமத்து மேயர் அலுவலகக் கதவில் நான்கு குண்டூசிகளால் குத்தப்பட்டிருந்தது.

"குடியரசின் பெயரால்! நம் மண்ணின் மகள், கஸூலே அரசி, மதாம் ஓர்தான்ஸ் பெரிசாக் அவர்களுக்கு, வரும் ஞாயிறு நண்பகல், கஸூலே காப்போர் பெருஞ்சபையின் சிவப்பு அங்கியும் வெண்கலக் கரண்டியும் அணிவிக்கப்படும். அதற்கு முன் அம்மையார், சபையின் மகாகுரு முன்னிலையில், தம் திருக்கரங்களாலேயே சமைத்துக் காட்டுவார். குடிமக்களே, பசியோடு வருக! இப்படிக்கு, ஆன்செல்ம் ரூபிஷூ, மேயர்."

அதற்குக் கீழே, ஒரே ஒரு குண்டூசியில், ஒரு சின்ன அட்டை.

"விசாலமான கல் பண்ணை வீடு விற்பனைக்கு. கூரை ஒழுகாது. அவசரம். ஓர்தான்ஸ்."

மேலே இருந்ததை ஊரே சத்தம் போட்டுப் படித்தது.

கீழே இருந்ததை ஊரே பார்க்காத மாதிரி நடித்தது.

வெள்ளிக்கிழமை காலை...

"ஆ...ஆ...ஆ...!"

பண்ணை வீட்டு வைக்கோல் கொட்டகையிலிருந்து கிளம்பிய அந்த அலறலில், கூரை மேலிருந்த புறாக்கள் மொத்தமும் பக்கத்துக் கிராமத்துக்குக் குடிபெயர்ந்தன.

அலறியவள் பெரெனிஸ் வோக்லேன். பாரிஸ்காரி. வீடு பார்க்க வந்தவள். பணக்காரர்களுக்கு மௌனப் பயிற்சி நடத்துவது அவள் தொழில். மௌனத்தைப் பற்றி மூச்சு விடாமல் பேசுவாள்.

வைக்கோல் மேல் ஒரு மனிதன் குப்புறக் கிடந்தான்.

முதுகில் கதிர் அரிவாள்!

கோட்டெல்லாம் சிவப்பு!

பக்கத்தில் நின்ற ஓர்தான்ஸ், ஏப்ரன் நுனியில் கையைத் துடைத்துக்கொண்டாள். பயப்படவில்லை. சலித்துக்கொண்டாள்.

"மறுபடியுமா..."

"மறுபடியுமாவா? என்ன மறுபடியும்?"

"ஒண்ணுமில்ல மதாம். வைக்கோல் மறுபடியும் நனைஞ்சு போச்சேன்னு சொன்னேன்."

ஓர்தான்ஸுக்கு இது புதிதில்லை. முதலில் ஓர் ஆங்கிலேயத் தம்பதி வீடு பார்க்க வந்தார்கள். ரொட்டி அடுப்புக்குள்ளிருந்து இரண்டு கால் நீட்டிக்கொண்டிருந்தது. ஓடினார்கள். டச்சுக்காரர் வந்தார். கிணற்றடியில் பிணம். ஓடினார். லியோன் நகரத்துப் பல் டாக்டர் வந்தார். திராட்சை பிழியும் தொட்டியில் பிணம். அவர் ஓடும்போது சொந்தப் பல்செட்டைக்கூட விட்டுவிட்டுப் போனார்.

இது ஆறாவது.

ஒவ்வொரு தடவையும் போலீஸ் வரும். போலீஸ் மதியச் சாப்பாட்டுக்குப் போகும். திரும்பி வரும்போது பிணம் இருக்காது.

எப்படி மறைகிறது? யார் எடுக்கிறார்கள்? யாருக்கும் தெரியாது.

ஓர்தான்ஸுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும். ஞாயிற்றுக்கிழமைக்குள் இந்த வீட்டை யார் தலையிலாவது கட்டிவிட்டு, அவள் ஊரைவிட்டுப் போயே ஆக வேண்டும். ஊரில் கேட்டவர்களுக்கு, "ஆர்க்கஷோன்ல கடலோரமா தங்கச்சி தனியா இருக்கா" என்றாள்.

அது பாதி நிஜம். மீதிப் பாதி, சமையல்கட்டுக்குப் பின்னால், அவள் யாரையும் உள்ளே விடாத ஒரு சின்ன அறையில், பூட்டுக்குப் பின்னால் இருந்தது.

இந்தப் பாரிஸ்காரிதான் கடைசி நம்பிக்கை. அவளும் அலறிவிட்டாள்.

எல்லாம் முடிந்தது என்று ஓர்தான்ஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

பெரெனிஸ் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்தாள்.

"மதாம்! எவ்ளோ... எவ்ளோ அசலா இருக்கு!"

ஓர்தான்ஸ் ஒரு கண்ணைத் திறந்தாள்.

"என்னது?"

"கல்லு சுவரு அசல்! தூசி அசல்! சிலந்தி அசல்! இப்ப... அசல் பிணம்! எங்க ஊர்ல எல்லாமே பிளாஸ்டிக், மதாம். சாவுகூட ஆஸ்பத்திரியில, கர்ட்டனுக்குப் பின்னாடி. இங்க பாருங்க, எவ்ளோ இயல்பா செத்திருக்கான்!"

வைக்கோல் லேசாக அசைந்தது. காற்றாக இருக்கும்.

காற்று இல்லை.

*

போன் அலறியது.

போலீஸ் நிலையத்தில் காஸ்தான்யோல் கடிகாரத்தைப் பார்த்தபடியே ரிசீவரை எடுத்தார். மாவட்டத்திலேயே நீளமான மீசை அவருடையது. மாவட்டத்திலேயே நீளமான, தீராத வழக்கும் அவருடையதுதான்.

"யாரு?"

"ஓர்தான்ஸ். என் கொட்டகையில பிணம்."

"மறுபடியுமா?"

"அதான் நானும் சொன்னேன்."

"எதையும் தொடாதீங்க! டாக்டர் வர்றவரைக்கும் யாரும் பிணத்தைத் திருப்பக் கூடாது. டாக்டர் எப்படியும் ரெண்டு மணிக்கு முன்னாடி வரமாட்டார்." குரல் சட்டென்று தாழ்ந்தது. "மதாம்... இன்னிக்கு வெள்ளிக்கிழமை. கஸூலே உண்டுதானே?"

"உண்டு."

"இதோ வந்துட்டேன்!"

வாத்துக்காலும் வெள்ளை பீன்ஸும் பன்றித் தொத்திறைச்சியும் மண்சட்டியில் சேர்ந்து கிடந்து, மேலே ரொட்டித்தூள் பொன்னாக முறுகியிருக்கும். அதுதான் ஓர்தான்ஸின் கஸூலே. வெள்ளிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் அவள் பெரிய மேஜையில் ஊரே உட்காரும். கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறவர்கள்கூட அந்த இரண்டு நாளைத் தவிர்த்துவிடுவார்கள்.

காஸ்தான்யோல் வந்தபோது அவருக்கு முன்னாலேயே கொட்டகையில் ஒருவர் நின்றிருந்தார். மேயர் ரூபிஷூ. இடுப்பில் மூவர்ணப் பட்டை, கையில் தொப்பி, முகத்தில் தயாரித்து எடுத்து வந்த சோகம்.

"ஐயோ! என்ன கொடுமை! என் கிராமத்திலா! குடியரசே, நீ பார்த்துக்கொண்டிருக்கிறாயா?"

"உங்களுக்கு யார் சொன்னது மேயர் ஐயா?" என்றார் காஸ்தான்யோல்.

"என் உள்ளுணர்வு சொல்லிச்சு!"

"பட்டையைக் கட்டிக்கிட்டு வான்னு அதுவே சொல்லிச்சா?" என்றாள் ஓர்தான்ஸ்.

மேயர் அதைக் காதில் வாங்காமல் பெரெனிஸ் பக்கம் திரும்பினார். குரலில் தேனும் விஷமும்.

"மதாம், நீங்க பாரிஸ்ல சொகுசா வாழறவங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். அடுத்த ரயில் இன்னும் கொஞ்ச நேரத்துல."

"நான் வாங்கறதா முடிவு பண்ணிட்டேன், முசியே."

மேயரின் சோகம் முதல் தடவையாக அசலானது.

"வா... வாங்கறீங்களா? கொலை நடந்த வீடு!"

"அதான்! கொலைக்கப்புறம் ஒரு இடத்துல எவ்ளோ ஆழமான மௌனம் இருக்கும் தெரியுமா? என்னோட பயிற்சிக்கு இதைவிட இடம் கிடைக்குமா?"

"குளிர்காலத்துல ஓநாய் வரும்!"

"ஓநாய்! அசல் ஓநாயா?"

"கழிவுத்தொட்டி இருபது வருஷமா எடுக்கல!"

"மண்ணோட கலந்த வாழ்க்கை!"

"சாண நாத்தம்! காலைல கதவைத் திறந்தா சாண நாத்தம்!"

பெரெனிஸ் சிரித்துவிட்டாள்.

"நாத்தமா? முசியே, எங்க மிமோசா தெருவுக்கு வந்து பாருங்க. தெருக்கோடியில ஒரு ஃபாக்டரி. பொழுது விடிஞ்சா ஏதோ வேகற நாத்தம். என்ன வேகுதுன்னு யாருக்கும் தெரியாது. தலையணைக்குள்ள, தலைமுடிக்குள்ள... அதைத் தாங்க முடியாமத்தான் நான் பாரிஸை விட்டே கிளம்பறேன். சாணம் எவ்வளவோ மேல். சாணம் அசல்!"

மேயரிடம் இருந்த குண்டுகள் தீர்ந்துவிட்டன.

காஸ்தான்யோல் இதற்குள் பிணத்தைச் சுற்றி ஒரு பிரதட்சிணம் முடித்திருந்தார். தொடவில்லை. குனியவும் இல்லை, குனிந்தால் கால்சட்டைப் பொத்தான் தெறிக்கும்.

"அதே பாணி... குப்புறக் கிடக்கான். முகம் தெரியல. கொலைகாரன் ஒரே ஆள்தான். பயங்கரமான மூளை! ஆறு கொலை, ஒரு தடயம் இல்ல! பாரிஸ் மேலதிகாரிக்கு எழுதியிருக்கேன். இந்தக் கேஸ்ல எனக்குப் பதவி உயர்வு நிச்சயம்."

"எந்தக் கேஸ்? நீங்க கண்டுபிடிக்காத கேஸா?"

"கண்டுபிடிக்க முடியாத கேஸ், மதாம். ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு."

அப்போதுதான் அது கேட்டது.

கொர்ர்ர்ர்ர்...

நீளமாக. பரிதாபமாக. வைக்கோலுக்குள்ளிருந்து.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"யார் வயிறு அது?" என்றார் காஸ்தான்யோல்.

"என்னோடது!" மேயர் துள்ளிக் குதித்தார். "என்னோடதுதான்! பசி! காலையிலிருந்து சோகத்துல ஒண்ணும் சாப்பிடல!"

ஓர்தான்ஸ் மேயரைப் பார்த்தாள். பிணத்தைப் பார்த்தாள். பிணத்தின் காதில் ஒரு ஈ உட்கார்ந்தது. காது துடித்தது. ஈ பறந்தது.

கோட்டுக்குக் கீழே தெரிந்த கால்சட்டை, சாலை போடுகிறவர்கள் மாட்டும் ஆரஞ்சு நிறம்.

இந்த ஊரில் சாலை போடுகிறவன் ஒரே ஒருத்தன். பிர்மன். கிராம நாடகக் குழுவில் இதுவரை ஒரு வசனம்கூட கிடைக்காமல் எப்போதும் பிணமாகவே நடித்தவன். அவள் மேஜையில் எப்போதும் கடைசி நாற்காலி. எப்போதும் இரண்டாவது தட்டு.

ஓர்தான்ஸுக்குப் புரிந்துவிட்டது! கொலை வழக்கு நிற்கும்வரை வீடு கைமாறாது; இந்தப் பொய்யை இப்போதே உடைக்க வேண்டும்.

ஒரு காதைப் பிடித்துத் தூக்கினால் போதும். ஆனால் மேயர் இருக்கிறாரே... உடனே வாயைத் திறப்பார். 'அதிர்ச்சியில் மயங்கிவிட்டான், அற்புதமாகப் பிழைத்துவிட்டான்' என்று பேசியே பொழுதைக் கழிப்பார். பாரிஸ்காரி ரயில் ஏறிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும்.

பிணமே வாயைத் திறக்க வேண்டும். தானாக.

"சரி," என்றாள் ஓர்தான்ஸ். "சாப்பாட்டு நேரம் ஆகுது."

"ஆமா! ஆமா!" மேயர் முகத்தில் உயிர் வந்தது. "எல்லாரும் வீட்டுக்குள்ள போவோம். சாப்பிடுவோம். ரெண்டு மணிக்கு வந்து பார்ப்போம். சட்டம் அதான் சொல்லுது!"

"சட்டம் அப்படிச் சொல்லல," என்றார் காஸ்தான்யோல். "ஆனா சட்டமும் சாப்பிடணுமே."

"இல்ல." ஓர்தான்ஸ் இடுப்பில் கை வைத்தாள். "இன்னிக்கு மேஜையை இங்க போடறோம். கொட்டகையில. பிணத்துக்குப் பக்கத்துலயே."

மேயர் பதறினார்.

"பிணத்து முன்னாடி சாப்பிடறதா! செத்தவங்களுக்கு ஒரு மரியாதை வேணாம்?"

"அஞ்சு தடவையும் சாப்பிடப் போனப்பதான் பிணம் காணாமப் போச்சு. இந்தத் தடவை அது நம்மகூடவே இருக்கட்டும். என்ன காஸ்தான்யோல்?"

காஸ்தான்யோல் மீசையை நீவினார். பிணத்தையும் காவல் காக்கலாம். கஸூலேயையும் விட வேண்டாம். இத்தனை வருடப் பணியில் கடமை இப்படி ருசியாக அவர் எதிரில் வந்ததே இல்லை.

"அபாரம்! தூக்குங்கய்யா மேஜையை!"

*

ஊர் வந்தது. மேஜை வந்தது. பெஞ்சுகள் வந்தன.

பிணத்தைப் பார்த்து ஊரில் ஒருத்தரும் அலறவில்லை. ஒருத்தர் முகத்தையும் ஒருத்தர் பார்க்கவும் இல்லை. எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். எல்லோரும் துண்டைக் கழுத்தில் செருகிக்கொண்டார்கள்.

கடைசி நாற்காலி மட்டும் காலி.

"பிர்மன் எங்க?" என்றார் காஸ்தான்யோல்.

ஊர் தட்டைப் பார்த்தது.

"உடம்பு சரியில்லையாம்," என்றார் மேயர்.

"பிர்மனுக்கா? கஸூலேன்னா செத்தாலும் எழுந்து வந்துடுவானே!"

ஒருத்தருக்குப் புரை ஏறியது.

ஓர்தான்ஸ் மண்சட்டியை இரண்டு கையாலும் தூக்கி வந்தாள். மேஜையின் தலைப்பக்கம் வைக்கவில்லை. நடுவிலும் வைக்கவில்லை. பிணத்தின் தலையிலிருந்து ஒரு முழம் தள்ளி, மேஜையின் கடைசி விளிம்பில் வைத்தாள்.

மூடியைத் திறந்தாள்.

ஆவி கிளம்பியது. பூண்டு... வாத்துக்கொழுப்பு... முறுகிய ரொட்டித்தூள்... ஆவி நேராக மேலே போகாமல், கெட்ட எண்ணம் கொண்டது மாதிரி வளைந்து வைக்கோல் பக்கம் இறங்கியது.

பிணத்தின் விரல்கள் வைக்கோலை இறுகப் பற்றின.

மேயரின் நெற்றி வியர்த்தது.

தேவாலய மணி அடிக்க ஆரம்பித்தது. பன்னிரண்டு!

தூர்த்தியாக்கில் ஒரு வழக்கம் உண்டு. முதல் கரண்டி விழுந்ததும் வீட்டுக்காரி, "போன் அப்பெத்தி!" என்பாள். நன்றாகப் பசித்துச் சாப்பிடுங்கள் என்று அர்த்தம். உடனே பதில் சொல்லியாக வேண்டும். கொள்ளைக்காரனாக இருக்கலாம், கொலைகாரனாக இருக்கலாம், வரி ஏய்க்கிறவனாக இருக்கலாம். ஆனால் போன் அப்பெத்திக்குப் பதில் சொல்லாதவன் வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள். தொட்டிலில் பழகியது. தூக்கத்தில் கேட்டாலும் வரும்.

ஓர்தான்ஸ் முதல் கரண்டியைப் போட்டாள். தொண்டையைச் செருமினாள். மேஜையைப் பார்த்துச் சொல்லவில்லை.

வைக்கோலைப் பார்த்துச் சொன்னாள்.

"போன் அப்பெத்தி, கண்ணுகளா!"

"நன்றி மதாம், உங்களுக்கும்!" என்றது ஊர்.

"நன்றி மதாம், உங்களுக்கும்!" என்றது பிணம்.

தெளிவாக. பணிவாக. அரை விநாடி தாமதமாக.

காஸ்தான்யோலின் கரண்டி தட்டில் விழுந்தது.

"யா... யாரது? கடைசியா சொன்னது யாரு?"

வைக்கோல் எழுந்து உட்கார்ந்தது.

"மன்னிச்சுக்கங்க மேயர் ஐயா," என்றான் பிர்மன். முதுகில் அரிவாள் ஊஞ்சல் மாதிரி ஆடியது. "வாயில தானா வந்துடுச்சு. எங்கம்மா அப்படி வளத்துட்டாங்க."

"அசையாதே!" காஸ்தான்யோல் எழுந்து நின்றார். "பிணமே! நீ கைது செய்யப்படுகிறாய்! இல்ல... நீ சாட்சி! இல்ல... நீ யாரு?"

"பிர்மன்தான். போன வாரம்கூட உங்களுக்கு எதிர்ல உக்காந்து ரெண்டு தட்டு சாப்பிட்டேனே."

பிர்மன் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான். அரிவாள், உள்ளே தைத்திருந்த கார்க் பலகையில் குத்தி நின்றது. சிவப்பெல்லாம் பீட்ரூட். கடைசி நாற்காலியில் உட்கார்ந்து துண்டைச் செருகிக்கொண்டான்.

"முதல்ல சாப்பிட்டுடலாம். ஆறினா ருசிக்காது. அப்புறம் என்ன வேணா பண்ணுங்க."

காஸ்தான்யோலின் மீசை இரண்டு பக்கமும் தொங்கிவிட்டது.

"அப்ப... ஆறு கொலையும்..."

"நான்தாங்க."

"செஞ்சவனா?"

"செத்தவன்."

"ஒரே ஆளை ஆறு தடவை கண்டுபிடிக்காம விட்ட அதிகாரி நாட்டிலேயே நீங்க ஒருத்தர்தான்," என்றாள் ஓர்தான்ஸ். "பாரிஸுக்கு அதையும் எழுதுங்க. கண்டிப்பா ஏதாவது குடுப்பாங்க." பிறகு கரண்டியை மேயரின் மூக்குக்கு நேராக நீட்டினாள். "யோவ் ஆன்செல்ம்! இது உன் வேலைதானே?"

மேயர் எழுந்தார். பட்டையைச் சரிசெய்தார். நெஞ்சை நிமிர்த்தினார்.

"குடிமக்களே! வரலாறு என்னை..."

"உக்காந்து பேசு!"

உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் ஆள் பாதியாகிவிட்டார். குரலிலிருந்து மேடை இறங்கிப் போய்விட்டது.

"ஆமா ஓர்தான்ஸ். நான்தான். நாங்க எல்லாரும்தான். பேக்கரி மூடினாங்க, பொறுத்துக்கிட்டோம். தபால் ஆபீஸ் போச்சு, பொறுத்துக்கிட்டோம். டாக்டரும் பக்கத்து ஊருக்குப் போயிட்டாரு. பள்ளிக்கூடத்துல இப்ப ஆடு கட்டியிருக்கு. எங்களுக்குன்னு மிச்சமிருக்கறது இந்த மேஜை ஒண்ணுதான். நீயும் போயிட்டா அப்புறம் இது ஊரா? ரோட்டு வளைவுல ஒரு பேர்ப்பலகை. அவ்ளோதான். அதான் அந்த விருதுக்கும் நானே எழுதிப் போட்டேன். அங்கி போட்டு, கரண்டி குடுத்துட்டா, விட்டுட்டுப் போக மனசு வராதுன்னு..."

பிர்மன்கூட மெல்லுவதை நிறுத்தினான்.

ஓர்தான்ஸின் கண் கலங்கியது. ஊர் அதைப் பார்த்துத் தானும் கலங்கியது.

அவள் கலங்கிய காரணம் மட்டும் ஊர் நினைத்த காரணம் இல்லை.

"அப்படீன்னா..." ஒரு குரல் குறுக்கே வந்தது. பெரெனிஸ். அவள் முகம் சுருங்கியிருந்தது. "இது அசல் பிணம் இல்லையா?"

"இல்லீங்க," என்றான் பிர்மன் தன்னடக்கமாக. "நடிப்புதான்."

"பொய்ப் பிணம். பீட்ரூட் ரத்தம்." பெரெனிஸ் கைப்பையை எடுத்தாள். "பாரிஸ்லயும் பொய், இங்கயும் பொய். எனக்கு இந்த வீடு வேணாம், மதாம்."

ஓர்தான்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள்!

பிணத்தைப் பேச வைத்ததே வீட்டை விற்கத்தான். பிணம் பேசியதால் வீடு போயிற்று! ஞாயிறு... மகாகுரு... திருக்கரங்களாலேயே சமைத்துக் காட்டுவார்...

மேயரின் முகத்தில் சூரியன் உதித்தது.

"ரயிலுக்கு நேரமாச்சு மதாம். நான் வேணா கொண்டு வந்து விடட்டுமா?"

"ஒரு வாய்!" ஓர்தான்ஸ் கத்தியேவிட்டாள். "ஒரே ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க. வெறும் வயித்தோட என் வீட்ல இருந்து யாரும் போனதில்ல."

பெரெனிஸ் நின்றபடியே, மரியாதைக்கு, ஒரு கரண்டி எடுத்தாள்.

வாயில் வைத்தாள்.

பேசவில்லை.

காலையில் ரயிலிறங்கியதிலிருந்து அவள் பேசாமல் இருந்தது இதுதான் முதல் தடவை. ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அவள் கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இறங்கியது.

"இது..." கிசுகிசுத்தாள். "இதுதான்... இதுதான் அசல்!"

கைப்பை கீழே விழுந்தது. அவள் பெஞ்சில் விழுந்தாள்.

"யார் சொல்லிக் குடுத்தது மதாம் இதை?"

"அது... வீட்டு ரகசியம்."

"அப்ப வீட்டோட அந்த ரகசியத்தையும் வாங்கிக்கறேன். நானே சமைப்பேன். இந்த மேஜையில, இந்த ஊருக்கு! ஞாயித்துக்கிழமை மகாகுரு முன்னாடியும் நானே சமைக்கறேன்!"

ஊர் ஒருவரை ஒருவர் பார்த்தது. ஓர்தான்ஸ் போனாலும் கஸூலே போகாது! மேயர் தொப்பியைத் தூக்கி எறிந்தார். அது உத்தரத்தில் மாட்டிக்கொண்டது.

"சமையல்கட்டுக்குப் பின்னாடி ஒரு சின்ன ரூம் இருக்கு," என்றாள் ஓர்தான்ஸ், மிக மெதுவாக. "ரகசியம் முழுக்க அங்கதான். சாவி தர்றேன். ஆனா நான் ஊர் எல்லையைத் தாண்டினப்புறம்தான் திறக்கணும். எங்க குடும்ப வழக்கம்."

"அசல் வழக்கம்!" என்று உருகினாள் பெரெனிஸ்.

"அப்ப இனிமே நான் சாக வேணாமா?" என்றான் பிர்மன். அவன் குரலில், வாய்ப்பு போன நடிகனின் துக்கம்.

*

சனிக்கிழமை.

பத்திரம் பதிய மாதக்கணக்காகும். சாவி கைமாற ஒரு நிமிஷம்தான் ஆனது. ஓர்தான்ஸ் ஒரே ஒரு பெட்டியோடு பஸ் ஏறினாள். ஊர் கைக்குட்டை ஆட்டியது. பஸ், எல்லைப் பலகையைத் தாண்டியதும் அவள் சிரித்தது யாருக்கும் தெரியவில்லை.

பெரெனிஸ் காலணியைக் கழற்றிவிட்டு, கோவிலுக்குள் நுழைகிற மாதிரி, அந்தச் சின்ன அறைக்கு முன் நின்றாள். உள்ளே என்ன இருக்கும்? செம்புப் பாத்திரங்களா? நூறு வருடத்துக் கொழுப்பு ஜாடிகளா?

சாவி திரும்பியது.

கதவு திறந்தது.

"ஆ...ஆ...ஆ...!"

திரும்பி வந்த புறாக்கள் மறுபடியும் குடிபெயர்ந்தன.

தரையிலிருந்து கூரை வரை, சுவருக்குச் சுவர், வங்கிப் பெட்டகத்துத் தங்கக்கட்டி மாதிரி அடுக்கி வைத்திருந்தது...

தகர டப்பாக்கள்!

கஸூலே. குடும்ப அளவு. சூப்பர்மார்க்கெட் சரக்கு.

ஆணியில் ஒரு டப்பா ஓப்பனர் தொங்கியது.

பெரெனிஸ் உடனே போன் போட்டாள்.

"மதாம் ஓர்தான்ஸ்! இது என்ன?"

"அதான் கண்ணு வீட்டு ரகசியம்." பின்னால் பஸ் உறுமியது. "பூண்டை வதக்கிக்கோ. டப்பாவை மண்சட்டியில கொட்டு. மேல ரொட்டித்தூள். அடுப்புல விடு. அவ்ளோதான்."

"இவ்ளோ வருஷம் ஊரையே ஏமாத்தினீங்களா?"

"ஒரு ஞாயித்துக்கிழமை வாத்து தீஞ்சு போச்சு. வேற வழியில்லாம டப்பாவைத் திறந்தேன். ஆன்செல்ம் ஒரு வாய் வெச்சான், தேம்பித் தேம்பி அழுதான். எங்கம்மா கைமணம்னான். அழுதுட்டிருக்கறவன்கிட்ட தகர டப்பான்னு எப்படிச் சொல்றது?"

"நான் சொல்லிடுவேன்! இப்பவே சொல்லிடுவேன்!"

"சொல்லு. நீ பாரிஸ்காரி. எங்க ஓர்தான்ஸைப் பழிக்கறியான்னு உன்னையே அடுப்புல வெப்பாங்க."

"நாளைக்கு... நாளைக்கு மகாகுரு முன்னாடி சமைக்கணுமே!"

"அவருக்கு வந்ததும் ரெண்டு கிளாஸ் பஸ்தீஸ் சாராயம் ஊத்து. அதுக்கப்புறம் நீ பழைய செருப்பை வேக வெச்சாலும் தெரியாது."

"அப்படீன்னா நீங்களே இருந்து செஞ்சிருக்கலாமே?"

"ஐயையோ!" ஓர்தான்ஸ் நிஜமாகவே பதறினாள். "மேடையில, அங்கி போட்டுக்கிட்டு, கரண்டி மேல சத்தியம் பண்ணணுமாம். எனக்குப் பொய் சொல்ல வராதும்மா!"

போன் கட்டானது.

*

ஞாயிறு. மணி பன்னிரண்டு.

சிவப்பு அங்கிகள் வந்தன. மண்சட்டி வடிவத் தொப்பிகள் வந்தன. மகாகுருவை, பஸ்தீஸுக்குப் பிறகு, இரண்டு பேர் தாங்கி வந்தார்கள். வாசலில் ஊரே கழுத்தில் துண்டோடு நின்றது. முதல் வரிசையில் பிர்மன், உயிரோடு.

உள்ளே பெரெனிஸ் கண்ணை மூடிக்கொண்டு, ஆணியிலிருந்து ஓப்பனரை எடுத்தாள்.

மகாகுரு ஒரு வாய் வைத்தார்.

கண் பனித்தது. தொப்பியைக் கழற்றினார். எழுந்து நின்றார். அங்கி நுனியை மிதித்துத் தடுமாறி, மேயரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"சபையோரே! நாற்பது ஆண்டுகள் கஸூலேக்காகவே வாழ்ந்தவன் சொல்கிறேன், கேளுங்கள்! இது சமையல் அல்ல... இது மண்! இந்தத் தண்ணீர், இந்தக் காற்று, இந்தக் கல் வீடு, இந்த மக்களின் வியர்வை! தூர்த்தியாக்கைத் தவிர பூமிப்பந்தில் வேறெந்த இடத்திலும் இந்த மணம் பிறக்க முடியாது!"

ஊர் அழுதது. மேயர் எல்லோரையும்விடச் சத்தமாக அழுதார்.

வெண்கலக் கரண்டி கழுத்தில் தொங்க, பெரெனிஸ் கொல்லைப்புறம் போய், காலி டப்பாக்களைச் சாக்கில் போட்டுக் கட்டினாள். அப்போதுதான் ஒன்றைத் திருப்பி, அடியில் இருந்த சின்ன எழுத்தைப் படித்தாள்.

தயாரிப்பு: மிமோசா தெரு, பாரிஸ் புறநகர்.